ஹாலிவுட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய திரைக்கதையாசிரியர் ஒருவர் எங்காவது பேச வந்தால், எழுத ஆசைப்படுகிறவர்கள் அவரிடம் கேட்பது பெரும்பாலும் இந்த நாலைந்து கேள்விகளைத்தான்: எத்தனை பக்கம் இருக்கணும்? கேமரா கோணம் எழுதலாமா? கதையைத் திருடிவிட மாட்டார்களா? ஏஜென்ட் எப்படிக் கிடைப்பார்? ஸ்கிரிப்ட்டை முதலில் கையில் எடுப்பவர் யார் என்று தெரிந்துகொண்டால், இவற்றில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

தமிழ் சினிமாவில் கதை சொல்வதுதான் முதல் படி. தயாரிப்பாளருக்கோ ஹீரோவுக்கோ எதிரே உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் நடித்துக்காட்டியே ஓகே வாங்கிவிடலாம். ஹாலிவுட்டில் பெயர் தெரியாத ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைக்காது. முதலில் உள்ளே போவது ஸ்கிரிப்ட்தான். அதை நிறுவனத்தின் ‘ரீடர்’ ஒருவர் படிக்கிறார். கதையை ஒன்றிரண்டு வாக்கியத்தில் ஒரு லாக்லைன், ஒன்றிரண்டு பக்கத்தில் சுருக்கம், பிறகு தன் கருத்து, கடைசியில் ஒரு தீர்ப்பு என்று எழுதித் தருகிறார். இதற்குப் பெயர் ‘கவரேஜ்’. தீர்ப்பு மூன்றே வகை: ‘பாஸ்’ என்றால் வேண்டாம், ‘கன்சிடர்’ என்றால் யோசிக்கலாம், ‘ரெக்கமென்ட்’ என்றால் எடுக்கலாம். மிகப் பெரும்பாலானவை பாஸில்தான் முடிகின்றன. பரீட்சையில் பாஸ் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அர்த்தம் நேர் எதிர்.

அந்த ரீடர் வாரத்துக்குப் பல ஸ்கிரிப்ட் படிக்கிறவர். முதல் பக்கத்தைப் பார்த்ததும், எழுதியவருக்குத் தொழில் தெரியுமா என்று அவருக்குப் புரிந்துவிடும். எழுத்துரு கூரியர், அளவு 12. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரு அங்குலம். இந்த அளவில் எழுதினால் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது கணக்கு. அதனால்தான் 90 முதல் 120 பக்கம் என்கிறார்கள். புதியவர் என்றால் 110-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. பக்கம் கூடிவிட்டதே என்று எழுத்தைச் சிறிதாக்குவதும் வரி இடைவெளியைக் குறுக்குவதும் வேண்டாத வேலை, உடனே தெரிந்துவிடும். நம் ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் விடும் தவறு இன்னொன்று: பக்க அளவை ஏ4-இல் விட்டுவிடுவது. அமெரிக்காவில் புழங்குவது 8.5-க்கு 11 அங்குல ‘லெட்டர்’ தாள். ஏ4 அதைவிட உயரம் அதிகம், எனவே பக்கக் கணக்கு மாறிவிடும். ஃபைனல் டிராஃப்ட், ஃபேட் இன் போன்ற மென்பொருளில் அளவை லெட்டருக்கு மாற்றிவிட்டு, பிறகு பிடிஎஃப் எடுங்கள்.

சீன் நம்பர் போடாதீர்கள். அது படப்பிடிப்புக்குத் தயாராகும் ஸ்கிரிப்ட்டில் வருவது. கேமரா கோணம், லென்ஸ், பின்னணிப் பாட்டின் பெயர், எதுவும் வேண்டாம். குளோஸ்-அப் தேவைப்படும் இடத்தில் அந்தப் பொருளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி கொடுங்கள், படிப்பவர் மனதில் கேமரா தானே அருகே போகும். முகப்புப் பக்கத்தில் தலைப்பு, பெயர், தொடர்பு விவரம் போதும். எத்தனையாவது டிராஃப்ட், எந்தத் தேதி என்பதெல்லாம் தேவையில்லை.

இதெல்லாம் ஒரு நாளில் திருத்திவிடக்கூடியவை. எழுத்துக்குள் இருக்கும் தவறுகள்தான் ஸ்கிரிப்ட்டைக் கொல்கின்றன. அவற்றில் முதலாவது, படம் பிடிக்க முடியாததை எழுதுவது. இப்படி ஒரு வரியைப் பாருங்கள்:

“டேவிட் சமையலறையில் நிற்கிறான். பத்து வருடமாக அவன் அப்பாவை மன்னிக்கவில்லை.”

இரண்டாவது வாக்கியத்தை எந்த கேமராவாலும் எடுக்க முடியாது. ரீடருக்குத் தெரியும், பார்வையாளருக்குத் தெரியாது. இதையே இப்படி எழுதலாம்:

“டேவிட் வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். மேசைமேல் போன் அதிர்கிறது. திரையில் ‘அப்பா’. அதிர்ந்து அதிர்ந்து போன் விளிம்புக்கு நகர்கிறது. டேவிட் பார்த்துக்கொண்டே இருக்கிறான். போன் கீழே விழுகிறது. அவன் முட்டையைத் திருப்பிப் போடுகிறான்.”

‘மன்னிப்பு’ என்ற சொல்லே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ ஆறாமல் கிடக்கிறது என்று புரிகிறது. என்ன அது என்று தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்தைப் புரட்டவும் தோன்றுகிறது. விவரணைப் பத்தி எதுவும் நாலு வரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருகருவென்று நிற்கும் பத்தியைக் கண்டால், களைத்த கண் வசனத்துக்குத் தாவிவிடும். நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய திருப்பம் அந்தப் பத்திக்குள்ளேயே புதைந்துபோகும்.

வசனத்திலும் இதே கதைதான். மனதில் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லும் பாத்திரங்கள், புதியவர்களின் ஸ்கிரிப்ட்டில் வரிசைகட்டி நிற்பார்கள். “நீ என் தங்கைதானே, அம்மா செத்ததிலிருந்து நாம் பேசுவதே இல்லையே” என்று எந்த அண்ணனும் தங்கையிடம் சொல்ல மாட்டான், இருவருக்கும் அது ஏற்கெனவே தெரியும். தகவலைப் பார்வையாளருக்குக் கடத்த வேண்டுமென்றால், அதை ஒரு சண்டைக்குள் வையுங்கள். அம்மாவின் வளையலை யார் வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் மோதிக்கொண்டால், மரணமும் மௌனமும் அதற்குள் வந்துவிடும். சீனை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதும் முக்கியம். “ஹலோ, எப்படி இருக்கீங்க, உட்காருங்க” என்பதையெல்லாம் வெட்டிவிட்டு, பேச்சு சூடு பிடித்த இடத்தில் நுழையுங்கள். ஒருவருக்கு வேண்டியது கிடைத்ததும், அல்லது கிடைக்காது என்று உறுதியானதும், வெளியே வந்துவிடுங்கள். முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மூடிவைத்துப் படித்துப் பாருங்கள். சீன் அப்போதும் தாங்கி நிற்கிறது என்றால் அந்த நாலு வரியும் தேவையில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் கதையைக் கிளப்பிவிடும் சம்பவம், இருபத்தைந்தில் முதல் திருப்பம் என்று சொல்லித்தரும் அட்டவணைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதி முடித்ததைச் சோதிக்க அவை உதவும். எழுதும்போதே அவற்றைப் பிடித்துக்கொண்டால், பக்க எண்ணுக்காகச் சம்பவம் நடக்கும், பாத்திரத்துக்காக நடக்காது.

லாக்லைன் எழுதுவதை விளம்பர வேலை என்று நினைப்பதும் தவறு. “துரோகம், அன்பு, மன்னிப்பு பற்றிய நெஞ்சைத் தொடும் கதை” என்பதில் கதையே இல்லை. யார், எந்தச் சிக்கலில், எதை இழக்கும் நிலையில் என்பது முப்பது வார்த்தைக்குள் தெரிய வேண்டும். “பொய்ச் சாட்சி சொல்லி ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய நர்ஸ், மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாப்பிள்ளையின் அப்பா அவர்தான் என்று கண்டுகொள்கிறாள்.” இப்படி ஒரு வரி உங்கள் கதைக்கு வரவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் வரியில் இருக்காது, கதையில் இருக்கும்.

இனி அந்தத் திருட்டுப் பயம். வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. எழுதி முடித்த கணமே அந்த உரிமை உங்களுடையது. இந்தியாவும் அமெரிக்காவும் பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால், சென்னையில் எழுதியதற்கும் அங்கே பாதுகாப்பு உண்டு. ஆனாலும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவைப்பது புத்திசாலித்தனம்: மீறல் நடப்பதற்கு முன்பே பதிந்திருந்தால், சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்க வழியுண்டு. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் மேற்குப் பிரிவில் (WGA West) செய்யும் பதிவு, இந்தத் தேதியில் இது உங்களிடம் இருந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். ஐந்து வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். திருடுவார்கள் என்று பயந்து யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பதால்தான் பலருக்கு நஷ்டம். அதேநேரம் அடுத்தவர் நாவலை உரிமை வாங்காமல் திரைக்கதையாக்கி அனுப்புவது வீண் உழைப்பு. எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுத்தில் உரிமை இல்லாததை எந்த நிறுவனமும் வாங்காது.

ஏஜென்ட் கேள்விக்கு வருவோம். ஸ்கிரிப்ட்டை விற்றுத்தரும் ஏஜென்ட்டுக்கு வழக்கமான கமிஷன் 10 சதவீதம். எழுத்தாளரின் வளர்ச்சியைக் கவனித்து வழிகாட்டும் மேனேஜர் 10 முதல் 15 வரை வாங்குவார். இருவருக்கும் உங்களுக்குப் பணம் வந்த பிறகுதான் பங்கு. படிப்பதற்கே கட்டணம், சேர்வதற்கு முன்பணம் என்று யாராவது கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். யாரும் கேட்காமல் முழு ஸ்கிரிப்ட்டையும் இணைத்து அனுப்பாதீர்கள், வழக்குக்குப் பயந்து பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் திறக்கவே திறக்காது. புதியவர்களை அதிகம் ஏறிட்டுப் பார்ப்பவர்கள் மேனேஜர்கள்தான். லாக்லைனும் உங்களைப் பற்றி இரண்டு வரியுமாகச் சின்ன மின்னஞ்சல் போதும். படிக்கிறேன் என்று பதில் வந்தால் அன்றைக்கே அனுப்ப, ஸ்கிரிப்ட் முழுதாகத் தயாராக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது ஸ்கிரிப்ட்டும். “வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்பது அவர்களிடமிருந்து வரும் அடுத்த கேள்வி.

நண்பரோடு சேர்ந்து எழுதினால், ஆரம்பத்திலேயே பங்கை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘&’ குறி வந்தால் அவர்கள் ஜோடியாக எழுதியவர்கள், ‘அண்ட்’ என்ற சொல் வந்தால் தனித்தனியே எழுதியவர்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதி இது. பணம் பிரிவதும் அதையொட்டித்தான்: மூன்று பெயரில் இருவர் ஜோடி என்றால், பொதுவாக அந்த ஜோடிக்குச் சேர்த்து ஒரு பங்குதான்.

முதல் டிராஃப்ட்டை முடித்த கையோடு அனுப்பிவிடாதீர்கள். மூன்று நாலு வாரம் கண்ணில் படாமல் எடுத்துவையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, வசனத்தை வேறு இருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அவர்கள் நாக்கு இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் பக்கத்தில் இரண்டு கோடு.