தொலைந்துபோன மௌனக் காதல் படத்தின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில், முதலில் வெளியான 35 மி.மீ. வடிவிலேயே முழுமையாக எஞ்சியிருப்பவை 14 விழுக்காடு மட்டுமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே அக்காலக் காதல் படத்தைப் பற்றி எழுத முற்படுபவர், பெரும்பாலும் படத்தைப் பார்க்காமலேயே எழுத நேரும்.

ஆயினும், படம் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலண்டினோவும் நடித்த ‘பியாண்ட் தி ராக்ஸ்’ (1922) பல பத்தாண்டுகள் தொலைந்ததாகக் கருதப்பட்ட பின், நெதர்லாந்தில் ஒரு சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து மீண்டது. கிரேட்டா கார்போவின் ‘தி டிவைன் வுமன்’ (1928) படத்தில் ஒரு சுருள் மட்டும் மாஸ்கோவில் கிடைத்தது. வெளிநாடுகளில் படங்கள் வேறு பெயர்களில் ஓடியதால், அந்தப் பெயர்களைக் கொண்டும் காப்பகப் பட்டியல்களில் தேட வேண்டும்.

அடுத்தது காகிதச் சான்றுகள். பதிப்புரிமைக்காக நிறுவனங்கள் ஒப்படைத்த கதைச்சுருக்கத்தில் முடிவு வரை கதை இருக்கக்கூடும். ஆனால் அது இறுதியாகத் தொகுக்கப்பட்டு வெளியான படத்தோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. அன்றைய திரைத்தொழில் வணிக இதழ்களின் விமர்சகர் படத்தைப் பார்த்தவர் என்பதால், இரண்டும் முரண்படும் இடத்தில் நான் விமர்சகரையே நம்புவேன். 1921 முதல் இயங்கிய நியூயார்க் மாநிலத் தணிக்கைப் பிரிவின் ஆவணங்கள், காதல் படத்தைப் பொறுத்தவரை, தனி மதிப்புடையவை: எதை வெட்டச் சொன்னார்கள் என்பதிலிருந்தே திரையில் என்ன இருந்தது என்பது தெரியவரும். விளம்பரப் புகைப்படங்களை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள்; அவை தனிக் கேமராவில் எடுக்கப்பட்டவை, படச்சுருளிலுள்ள தனித்தனிப் படங்களான படச்சட்டங்கள் அல்ல. ஒரு புகைப்படத்தில் காதலர் தழுவிக்கொண்டு நிற்பதால், அக்காட்சி படத்தில் இருந்ததாகிவிடாது.

ஓட்டும் வேகத்தைப் பொறுத்து நேரம் மாறும் என்பதால், படத்தின் நீளத்தை நிமிடத்தில் எழுதாமல் சுருளின் அடிக்கணக்கில் குறிப்பிடுங்கள். 35 மி.மீ. சுருளின் ஓர் அடியில் 16 படச்சட்டங்கள் உள்ளன. 6,000 அடிப் படத்தை நொடிக்கு 16 சட்டம் வீதம் ஓட்டினால் 100 நிமிடமும், 24 வீதம் ஓட்டினால் 67 நிமிடமும் ஆகும்.

தேடலில் பழைய டப்பா ஏதேனும் கைக்கு வந்தால், அதிலுள்ள நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஓட்டிப்பார்க்க முயலாமல் உடனே திரைப்படக் காப்பகம் ஒன்றுக்குத் தெரிவியுங்கள்.