கோயாவின் கல்யாணப் படங்களை எப்படிப் பார்ப்பது?

ஸ்பெயின் ஓவியர் கோயாவின் 'காப்ரிச்சோஸ்' தொகுப்பில் 80 அச்சுப்படங்கள் இருக்கின்றன. நான் எட்சிங் போடுகிறவள், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடுகிறவள். புதிதாக வரும் மாணவர்களுக்கு அவற்றில் கல்யாணத்தைச் சாடும் படங்களைத் தனியே எடுத்து, எண் வரிசையை மாற்றித்தான் காட்டுவேன். மாட்ரிட்டில் உள்ள பிராடோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நீங்களும் அப்படியே பார்க்கலாம்.

முதலில் 39-ஆம் எண். கோட்டு போட்ட கழுதை ஒன்று உட்கார்ந்து ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டுகிறது. புத்தகத்தின் பக்கங்களில் வரிசை வரிசையாகக் கழுதைகள். 'தாத்தா வரைக்கும்' என்று தலைப்பு. இதில் கல்யாணம் இல்லை. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அடுத்த படத்திலும் ஒரு புத்தகம் வருகிறது.

அது 57, 'வம்சாவளி'. நீண்ட மூக்கும் வாயுமாக விலங்கு முகத்தோடு ஒரு பெண். எல்லோர் கண்ணும் நேரே அங்கேதான் போகும். அந்த முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு, விரித்த புத்தகத்தை முதலில் பாருங்கள். பிராடோவில் இருக்கும் பழைய கையெழுத்துக் குறிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: பெண்ணின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா யார் யார் என்று குலப் பத்திரத்தைக் காட்டி மாப்பிள்ளையை மயக்குகிறார்கள், அவள் யார் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியும். இப்போது விரலை எடுங்கள். கோயா பெண்ணைக் கேவலப்படுத்திவிட்டார் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து ஆளையே பார்க்காமல் முடிக்கிற சம்பந்தத்துக்குத்தான் அந்த முகம். 1799 பிப்ரவரி 6 அன்று மாட்ரிட் நாளிதழில் வந்த இந்தத் தொகுப்பின் விற்பனை விளம்பரமும் தனிமனிதர் யாரையும் கேலி செய்யவில்லை என்றுதான் சொன்னது. வழக்கத்தால் ஊறிப்போன பொய்களும் மூடத்தனங்களும்தான் குறி.

அப்புறம் 2-ஆம் எண்ணுக்கு வாருங்கள். மணப்பெண்ணின் கண்களை ஒரு முகமூடி மறைக்கிறது. அவசரப்படாமல் தலையின் பின்பக்கம் பாருங்கள், அங்கே இன்னொரு முகம் இருக்கிறது. 'சம்மதம் சொல்லி, முதலில் வருகிறவனிடம் கையை நீட்டுகிறார்கள்' என்ற தலைப்பு வரி ஸ்பானிய எழுத்தாளர் ஹோவெயானோஸின் கவிதையிலிருந்து எடுத்தது. இந்தப் படத்தில் வெளுப்பையும் கவனியுங்கள். அக்வாடின்ட் முறையில் பிசின் பொடி தூவிய செப்புத் தகட்டை அமிலம் அரித்துத்தான் சாம்பல் நிறம் வரும். எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ, அதை அமிலம் தொடாதபடி முன்கூட்டியே வார்னிஷ் பூசி அடைத்துவிட வேண்டும். மணப்பெண்ணின் உடையில் இருக்கிற வெளிச்சம் கோயா யோசித்து விட்டுவைத்த வெற்றுக் காகிதம். பின்னால் இருக்கிற கூட்டமெல்லாம் இருட்டில்.

14-இல் விலங்கு முகம் கிடையாது. பணக்காரக் கிழவனுக்குத் தரப்படும் பெண்ணும், அவளை விற்று வயிறு கழுவப்போகும் குடும்பமும்தான். ஒரு பார்வை போதும்.

75-இல் மட்டும் நிதானமாக நில்லுங்கள். மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஓர் ஆணும் பெண்ணும் திமிறுகிறார்கள். மேலே மூக்குக் கண்ணாடி போட்ட பெரிய ஆந்தை, அதன் ஒரு கால் பெண்ணின் தலைமேல். 'எங்களை அவிழ்த்துவிட யாரும் இல்லையா?' என்று தலைப்பு. அன்றைய ஸ்பெயினில் விவாகரத்து இல்லை. 25 வயதுக்குள் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 1776-இல் அரசாணையே வந்திருந்தது. ஆந்தையைத் திருச்சபை என்று சொல்வோர் உண்டு. கண்ணாடி போட்டும் கீழே நடப்பது தெரியாத பழைய சட்டம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

இது பிடித்துப்போனால் அவருடைய 'டிஸ்பராதெஸ்' தொகுப்பில் 7-ஆம் படத்தைத் தேடுங்கள். அது வெளியானது 1864-இல், கோயா இறந்து 36 வருடம் கழித்து. முதுகோடு முதுகு ஒட்டிப்போன ஜோடி, சுற்றிலும் விலங்கு முகங்கள். 75-ஐயும் அதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டாவதில் கயிறே இல்லை.