டெக்கன் 3-ஐத் திட்டிக்கொண்டே ரசிப்பது எப்படி

1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3 என்கிற சண்டை வீடியோ கேமில் ஓட்டைகள் உண்டு, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அதில் வரும் எடி கார்டோ என்கிற வீரனை எடுத்து, உதை பட்டன்களை மட்டும் கண்மூடித்தனமாகத் தட்டியே ஜெயிக்கிற பொடியன் ஒருத்தன் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் தெருவுக்குத் தெரு இருப்பான், அவனிடம் தோற்றால் கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். எறியாதீர்கள். பிராக்டீஸ் மோடுக்குப் போய், கீழ் பட்டனையும் பின் பட்டனையும் (எதிராளிக்கு எதிர்த் திசை) சேர்த்து அழுத்திக் குனிந்து தடுக்கப் பழகுங்கள். எடியின் உதைகளில் நிறைய காலுக்குத்தான் வரும், தடுத்த கையோடு எழும்போதே ஓர் உதை விடுங்கள். வயிற்றுக்கு வந்தால் மட்டும் நின்றுதான் தடுக்க வேண்டும். மேல் பட்டனையோ கீழ் பட்டனையோ லேசாகத் தட்டினால் பக்கவாட்டில் நழுவலாம், என்னைக் கேட்டால் இந்த கேமின் அழகே அதில்தான் இருக்கிறது.

கான் என்கிற குட்டி டைனோசர் வேறு கதை. மேல் குத்தெல்லாம் அதன் தலைக்கு மேலே போய்விடும், அதனால் 'கான் எடுக்கக்கூடாது' என்று முன்னாடியே பேசிவிடுங்கள்.

அப்புறம், பர்மா பஜாரில் பழைய கன்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் திசை பட்டன்களைக் கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். கீழ் பட்டன் செத்திருந்தால் குனியவே முடியாது.