'ரன் அவுட் ஆஃப்': தீர்ந்துபோனதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் மாலை டியூஷன் எடுக்கிறேன். தறி வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். 'ரன் அவுட்' என்றதும் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இங்கே பொருள், கையிருப்பு தீர்வது.

'நூல் தீர்ந்துபோச்சு' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழி உண்டு. நூலை முன்னால் வைத்தால், 'த த்ரெட் ரேன் அவுட்'. ஆளை முன்னால் வைத்தால், 'வீ ரேன் அவுட் ஆஃப் த்ரெட்'. தமிழில் பொருள்தான் தீரும், ஆள் தீர்வதில்லை. அதனால்தான் இரண்டாவது வாக்கியம் நமக்கு வாயில் வர மறுக்கிறது, 'ஆஃப்' விட்டுப்போகிறது. என் அனுபவத்தில் பழக வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அப்புறம் காலம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போது பெட்ரோல் முள் கீழே இறங்கினால், 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் பெட்ரோல்'. இன்னும் தீரவில்லை, தீரப்போகிறது. வண்டியே நின்றுவிட்டால், 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்'. 'ஹேவ்' வந்தால் 'ரேன்' அல்ல, 'ரன்'.

இன்று இரவு அடுக்களை டப்பாக்களைத் திறந்து பாருங்கள். காபித்தூள், துவரம்பருப்பு, எது தீர்ந்திருந்தாலும் இரண்டு வழியிலும் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். பிறகு கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் போகலாம். பரீட்சையில் கடைசிக் கேள்வி எழுத நேரமில்லையா? 'ஐ ரேன் அவுட் ஆஃப் டைம்.'