முதல் சுற்றின் முதல் நாற்பது வினாடி

டேக்வாண்டோ சண்டையில் முதல் சுற்று ஆளை எடைபோடுவதற்கு, இரண்டாவது அடிப்பதற்கு, மூன்றாவது முடிப்பதற்கு என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் இன்னும் போகவில்லை. மூன்று சுற்றின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்த காலத்துக்கு அது சரி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ இறுதி ஆட்டம் அந்தக் கணக்கில் நடந்தது. தாய்லாந்தின் பானிபாக் கடைசி வினாடிகளில் அடித்த உதையால் ஸ்பெயினின் அட்ரியானா செரேசோவை 11-10 என்று முந்தித் தங்கம் வாங்கினார். முதலில் விட்டதைக் கடைசியில் பிடிக்க அன்று வழி இருந்தது.

2022இல் விதி மாறியது. இப்போது மூன்றில் இரண்டு சுற்றை வெல்பவருக்கே ஆட்டம். சுற்றுக்கு இரண்டு நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. ஒவ்வொரு சுற்றும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. முதல் சுற்றை வேடிக்கை பார்த்துக் கோட்டைவிட்டவர் அடுத்த இரண்டையும் கட்டாயம் வென்றாக வேண்டும். ஆகவே என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எடைபோடுவதற்கு இரண்டு நிமிடம் கிடையாது, நாற்பது வினாடிதான். அதையும் கண்ணால் மட்டும் செய்யாதீர்கள், காலால் செய்யுங்கள்.

மேட்டில் (போட்டி விரிப்பில்) ஏறுவதற்கு முன்

மாவட்டப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் எடை பார்ப்பார்கள், உங்கள் பெயரை மதியத்துக்கு மேல் அழைப்பார்கள். இடையில் பிள்ளைகள் பரோட்டா தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். பெயர் கேட்டதும் எழுந்து ஓடி, நான்கு தடவை காலை வீசிவிட்டு மேட்டில் ஏறினால் முப்பதாவது வினாடியிலேயே தொடை கல்லாகக் கனக்கும். அது பயமில்லை. உடம்பு இன்னும் விழித்திருக்காது, அவ்வளவுதான். உங்கள் ஆட்டத்துக்கு மூன்று நான்கு ஆட்டங்கள் இருக்கும்போதே பேடில் (உதை பழகும் மெத்தையில்) இரண்டு முறை, மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக உதையுங்கள். பிறகு நடந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். அந்த முதல் மூச்சிரைப்பு மேட்டுக்கு வெளியே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

எதிராளி போன வருடம் என்ன பதக்கம் வாங்கினான் என்ற கதையை அந்த நேரத்தில் யாரிடமும் கேட்காதீர்கள். சொல்ல வருபவர்களையும் நான் விரட்டிவிடுவேன்.

நடுவர் 'சாரியோத்' (நேராக நில்), 'கியோங்நே' (வணங்கு) சொல்லும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கலாம், மரியாதைக்காக. 'ஷிஜாக்' (தொடங்கு) சொன்ன பிறகு முகம் வேண்டாம். முகம் நடிக்கும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே பார்வையை வைத்தால் எந்தக் கால் எழப்போகிறது என்பது அங்கேயே தெரியும்.

எந்தக் கால் முன்னால்?

முதல் ஐந்து வினாடியில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். நீங்கள் இடது காலை முன்வைத்து நிற்கிறீர்கள், எதிராளி வலது காலை முன்வைத்திருக்கிறான் என்றால் இருவர் வயிறும் ஒரே பக்கம் திறந்திருக்கும். உங்கள் பின்கால் ரவுண்ட் கிக் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் உதை) நேராக அவன் வயிற்றுக்குப் போகும். அவனுடையதும் உங்களுக்கு அப்படியே வரும். இருவருமே இடது காலை முன்வைத்திருந்தால் உங்கள் பின்கால் அவன் முதுகுப் பக்கம்தான் போய்ச் சேரும். முதுகெலும்பில் பட்டால் புள்ளி இல்லை. அப்போது முன்கால்தான் வேலை செய்யவேண்டும். இதைக் கவனிக்காமல் பழகிய பின்காலையே வீசிக்கொண்டிருக்கும் பையன்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கிறேன். சத்தம் கேட்கும், போர்டில் எண் ஏறாது, பையன் நெஞ்சுக் கவசத்தில் புள்ளியைப் பதியும் சென்சாரைத் திட்டுவான்.

கேள்வி கேட்கும் கால்

இனி ஒரு பொய் அடி. அரை அடி முன்னே வைத்து, முன்முழங்காலை உயர்த்தி, உதைக்கப்போவது போலக் காட்டிவிட்டு வந்த இடத்துக்கே திரும்புங்கள். எதிராளி பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்வான். ஒரே மாதிரி இரண்டு முறை செய்தால் அவன் குணம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முன்காலைத் தூக்கி உங்களைத் தடுக்கிறான் என்றால் அவன் கட் கிக்காரன். உயரமான பையன்கள் பெரும்பாலும் இந்த வகை. அந்தக் கால்மீது நேராகப் போய் மோதாதீர்கள். பொய் அடியால் காலைத் தூக்கவைத்து, அது தரைக்கு இறங்கும் கணத்தில் உள்ளே நுழையுங்கள். இறங்குகிற காலால் உதைக்க முடியாது. மூன்று வினாடிக்குமேல் காலைத் தொங்கவிட்டு வழிமறித்தால் அவனுக்குக் 'கம்ஜோம்', அதாவது தண்டனை. உங்களுக்கு ஒரு புள்ளி. ஆகவே அவன் காலைத் தூக்கியபடி நிற்பதைப் பார்த்து எரிச்சல்படத் தேவையில்லை.

பின்வாங்குகிறான் என்றால் பலர் செய்வது நேர்க்கோட்டில் துரத்துவது. துரத்தினால் பேக் கிக் (முதுகைத் திருப்பிப் பின்னோக்கி உதைப்பது) வாங்குவீர்கள். எண்கோண மேட்டின் குறுக்களவு எட்டு மீட்டர்தான். நடுவிலிருந்து கோட்டுக்கு நான்கு மீட்டர். பக்கவாட்டில் நகர்ந்து அவன் தப்பிக்கும் வழியை அடைத்தபடி சின்ன அடிகளாக முன்னேறுங்கள். கோட்டை அவன் கால் தாண்டினால் அதற்கும் கம்ஜோம் உண்டு. ஒரே சுற்றில் ஐந்து கம்ஜோம் வாங்கினால் சுற்றே போய்விடும். உதைக்காமலே கிடைக்கும் இந்தப் புள்ளிகளைக் கேவலமாக நினைக்கும் பிள்ளைகள் உண்டு. எனக்கு அப்படி ஒரு கூச்சமும் இல்லை.

மூன்றாவது வகை உடனே பாய்ந்து திருப்பி அடிப்பவன். எனக்குப் பிடித்த எதிராளி இவன்தான், ஏனென்றால் இவனை வரவழைக்கலாம். பொய் அடி, அவன் கிளம்புகிறான், நீங்கள் அரை அடி பின்னால், அவன் உதை காற்றில் போனதும் உங்கள் உதை. ஆனால் முதல் முறையிலேயே இதைச் செய்து காட்டாதீர்கள். முதல் தடவை அவனை அடிக்கவிட்டு, தூரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

இந்த நாற்பது வினாடியில் சுழன்றடிக்கும் உதைகள் வேண்டாம். வயிற்றில் சாதாரண உதைக்கு 2, தலையில் 3. சுழன்று அடித்தால் வயிற்றுக்கே 4 என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. தூரம் தெரியாமல் சுழன்றால் விழுவீர்கள், விழுந்தால் கம்ஜோம். தூரம் பிடிபட்ட பிறகு ஒன்றை முயற்சி செய்யலாம். சுற்று சமநிலையில் முடிந்தால் சுழல் உதையில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கே சுற்று போகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சென்சார் செஸ்ட் கார்டு இல்லாத சின்னப் போட்டிகளில் கணக்கு வேறு. மூலை நடுவர்கள் கையால் பொத்தான் அமுக்குகிறார்கள். அங்கே தொட்டால் போதாது, படும் சத்தம் அவர்கள் காதுக்குப் போகவேண்டும். அடித்ததும் கிஹாப் (உரத்த கூச்சல்) போடுங்கள். முதல் உதையே தெளிவாக விழுந்தால் நடுவர்களின் கண் உங்கள் காலைப் பின்தொடரத் தொடங்கும் என்பது என் நம்பிக்கை. விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

முந்திய பிறகு

நாற்பது வினாடிக்குப் பின் இரண்டு புள்ளி முன்னிலை கிடைத்துவிட்டால் காலரியிலிருந்து அப்பாக்கள் "அடி, அடி" என்று கத்துவார்கள். அவர்களுக்கு மேட் தெரியாது. முன்னிலையில் இருப்பவர் நடு மேட்டைப் பிடித்துக்கொண்டு எதிராளியை வரவிட வேண்டும். ஓடி ஒளிவது வேறு, அது கம்ஜோமில் முடியும். கடைசி இருபது வினாடியில் உங்கள் குதிகாலுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

சுற்று கைவிட்டுப் போனாலும் எண்கள் அழிந்துவிடுகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் 57 கிலோ அரையிறுதியில் கொரியாவின் கிம் யூஜின், சீனாவின் லுவோ சோங்ஷியிடம் இரண்டாம் சுற்றை 1-7 என்று இழந்தார். அடுத்ததை 10-3 என்று எடுத்தார்; தங்கமும் அவருக்குத்தான். ஒன்றுக்கு ஏழு என்று தோற்பதும் ஒரு புள்ளியில் தோற்பதும் இன்றைய கணக்கில் ஒன்றே. ஆகவே போய்விட்ட சுற்றின் கடைசி வினாடிகளில் கண்மூடித்தனமாகப் பாய்ந்து காலை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வு நிமிடத்தில் நான் நாற்காலிக்கு முன் பேசுவது இரண்டே வாக்கியம். அதற்குமுன் மாணவர் எனக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்: அவன் காலைத் தூக்குகிறானா, பின்வாங்குகிறானா, பாய்கிறானா? பதில் வராவிட்டால் அந்தச் சுற்றை வென்றிருந்தாலும் எனக்குத் திருப்தி இல்லை.

இதைப் பழக ஒரு பயிற்சி உண்டு. ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) முன் ஜோடியில் ஒருவரின் காதில் மூன்று குணங்களில் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். நாற்பது வினாடி மட்டும் ஆடவிட்டு நிறுத்துங்கள். மற்றவர் குணத்தைச் சொல்ல வேண்டும், அதை வெல்லும் ஒரு உதையையும் அங்கேயே பேடில் அடித்துக் காட்ட வேண்டும். பிறகு ஆளை மாற்றுங்கள், குணத்தையும் மாற்றுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் இரண்டு நிமிட முழுச் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டு இதை அதிகமாக ஆடுங்கள். சின்னப் பிள்ளைகள் இதைக் கண்ணாமூச்சி போல ரசித்து ஆடுவார்கள். பெரியவர்கள்தான் தவறான விடை சொல்லிவிடுவோமோ என்று முதல் சில நாள் தயங்குவார்கள்.