கடிக்கும்போது இல்லை, விடும்போது வலி

கீழ்க் கடைவாய்ப்பல். வறுகடலையைக் கடிக்கும்போது ஒன்றுமில்லை; கடித்துவிட்டுப் பல் விலகும் நொடியில்தான் சுருக்கென்று குத்தும். இட்லி, சாதத்துக்கு வலியே கிடையாது. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டவும் முடியவில்லை.

கூச்சத்துக்கான பற்பசை மூன்று வாரம் போட்டும் கடிவலி அப்படியே. கிராம்புத் தைலத்தை ஈறெல்லாம் தடவியதில் ஈறு வெந்ததுதான் மிச்சம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பக்கத்துப் பல்லின் பழைய அடைப்பை மாற்றியது வீண்செலவு.

இரண்டாவது மருத்துவரிடம் "விடும்போதுதான் வலிக்குது டாக்டர்" என்றதும் பிடித்துக்கொண்டார். சின்ன பிளாஸ்டிக் கட்டை ஒன்றைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக வைத்து, கடித்து விடச் சொன்னார். நாக்குப் பக்கத்துப் பின்முனையில் உயிர் போனது. பக்கவாட்டில் விளக்கு அடித்தால் வெளிச்சம் பாதிப் பல்லோடு நின்றுவிட்டது. விரிசல்! முன்னிருந்து பின்னாக ஓடும் விரிசல் எக்ஸ்ரே படத்துக்கு இணையாக இருப்பதால் பெரும்பாலும் படத்தில் விழாது. கடியை விட்டதும் விரிந்த பாகம் சட்டென்று மூடும். பல்லுக்குள் உள்ள நுண்குழாய்களின் திரவம் நகர்ந்து நரம்பைச் சுண்டும்.

நேராக நிரந்தர கேப் (பல்லை மூடும் உறை) போடவில்லை. முதலில் தற்காலிக கேப், மூன்று வாரம். வலி நின்றது. குளிர்ந்த தண்ணீர்க் கூச்சமும் சில வினாடியில் அடங்கியதால் வேர் சிகிச்சை தேவைப்படவில்லை; அரை நிமிடம் தாண்டி நீடித்திருந்தால் அதுதான் அடுத்து. பிறகு சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகையில் நிரந்தர கேப். இப்போது அதே பக்கம் முறுக்கு கடிக்கிறேன்.