பினாங்குத் தீவை மிதிவண்டியில் சுற்ற எண்ணுவோருக்கு

மலேசியாவில் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், ஜார்ஜ் டவுனில் புறப்பட்டு பாயான் லெப்பாஸ், பாலேக் புலாவ், தெலுக் பாஹாங், பத்து பிரிங்கி வழியாக வலஞ்சுழியாகத் தீவைச் சுற்றினால், கடல் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். கரையோரம் நிற்க விரும்பும்போதெல்லாம் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதால், வேலைநாள் காலையைத் தவிர்த்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்புவதே நல்லது. பாலேக் புலாவுக்கு முன்னும் பின்னும் மலையேற்றம் உண்டு என்பதால், வெயில் ஏறுமுன் அவற்றைக் கடந்துவிடுங்கள். தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து வருவோர் பட்டர்வொர்த்தில் இறங்கி, இரயில் நிலையத்தை அடுத்துள்ள துறையில் மிதிவண்டியோடு பெர்ரி ஏறலாம். பினாங்குப் பாலத்தில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை என்பதை முன்கூட்டியே நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.